பதினான்காவது நாற்காலி

லிட்ச்ஃபீல்ட், கனெக்டிகட்
1983 செப்டம்பர் 14

அன்புள்ள ரோஸ்,

இத்தனை வருடங்களுக்குப் பிறகு உறையில் என் பெயரைக் கண்டதும் உங்கள் புருவம் உயர்வது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. டெஸ்மண்டின் இறுதிச் சடங்குக்கு வர முடியாமல் போனது. அப்போது ஜெனீவாவில் இருந்தேன், பேச்சுவார்த்தை முறியும் கட்டத்தில் இருந்தது. மலர் வளையம் வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் நினைவுக் குறிப்புகள் ஒருவழியாக முடிந்துவிட்டன. அறுநூற்று நாற்பது பக்கம். ஜனவரியில் அச்சுக்குப் போக வேண்டும் என்று பதிப்பாளர் நெருக்குகிறார். ஏழாவது அத்தியாயம் சாந்தா ரூபினா. நான் முதன்முதலாகத் தூதராக இருந்த நாடு அல்லவா, தவிர்க்க முடியாது. தூதரகத் தோட்டத்தில் எடுத்த படங்கள் உங்களிடம்தான் இருக்கும். எதையும் தூக்கிப் போடாதவர் நீங்கள். நான்கைந்து அனுப்பினால் நன்றி.

மரியாதைக்காக 212, 213ஆம் பக்கங்களை இணைத்திருக்கிறேன். டெஸ்மண்ட் அதில் வருகிறார். துறைமுக வேலைநிறுத்தத்தின்போது நடந்த அந்தத் துயரச் சம்பவத்தைச் சொல்லாமல் விட்டால் விமர்சகர்கள் கேட்பார்கள். அன்போடுதான் எழுதியிருக்கிறேன்.

உங்கள் பழைய நண்பன்,
தார்ன்டன் ஹேவரில்
(தட்டச்சு: மிஸ் ஆல்காட்)


ஜார்ஜ்டவுன், வாஷிங்டன்
1983 செப்டம்பர் 20

திரு. ஹேவரில் அவர்களுக்கு,

என்னை ரோஸ் என்று அழைத்தவர்கள் இருவர். ஒருவர் என் அக்கா, மற்றவர் என் கணவர். இருவரும் இறந்துவிட்டார்கள். அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக நீங்கள் வந்து உட்கார முடியாது. என் பெயர் ரோசமண்ட் கெல்லிஹர். கடிதத்தில் திருமதி கெல்லிஹர்.

மலர் வளையம் வந்தது. அட்டையில் கையெழுத்து இல்லை, அலுவலக முத்திரை இருந்தது. படங்கள் கிடையாது.

212ஆம் பக்கத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் வாக்கியங்களையே கீழே எழுதுகிறேன். எழுதியவருக்கே மறந்திருக்கக்கூடும், ஏனென்றால் வேறு யாரோ எழுதித் தந்ததைப் பேசித்தான் நீங்கள் பெரிய மனிதரானீர்கள்.

"அந்த வெள்ளிக்கிழமை நான் எல்லைக்கு அப்பால், ஏரிக்கரையில் வாத்து வேட்டையில் இருந்தேன். தூதரகம் என் துணைத் தூதர் கெல்லிஹரின் பொறுப்பில் இருந்தது. நல்ல மனிதர், ஆனால் முடிவெடுப்பதில் மந்தமானவர். எங்கள் மொழிபெயர்ப்பாளர் பெனால்வா அடைக்கலம் கேட்டு வெளிவாசலுக்கு வந்தபோது கெல்லிஹர் கதவைத் திறக்கவில்லை. நான் இருந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும். அந்த நினைவு இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை."

நீங்கள் நன்றாகத் தூங்குகிறவர். செனட் குழுவின் முன்னால் விசாரணை நடக்கும்போதே தூங்கியவர். பத்திரிகையில் படம் வந்தது, அதை நான் தூக்கிப் போடவில்லை.

எவாரிஸ்டோ பெனால்வா நம்மிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். வேலைநிறுத்தக்காரர்களின் மனுவை ஆங்கிலத்தில் வேண்டுமென்று அவரைத் துறைமுகத்துக்கு அனுப்பியவர் நீங்கள். அங்கே அவரைக் கண்ட ராணுவம், அவரும் கலகக்காரர்களில் ஒருவர் என்று பட்டியலில் எழுதிக்கொண்டது. உங்கள் வேலையைச் செய்ததற்காகத் தேடப்பட்டார், உங்கள் வாசலுக்கு ஓடி வந்தார், மறுநாள் காலை சுங்கச் சாவடி மதிலோரம் கிடந்தார்.

சனிக்கிழமை காலை வாஷிங்டனுக்கு ஒரு தந்தி போனது. "நகரம் அமைதி. ஊழியர் எவரும் அடைக்கலம் கோரவில்லை." அதன் கீழே இருக்கும் பெயர் ஹேவரில். விதி உங்களுக்கு நினைவிருக்கும். தூதர் அந்த நாட்டு எல்லைக்குள் இருக்கும்வரை, மலையில் படுத்திருந்தாலும், எல்லாத் தந்தியும் அவர் பெயரில்தான் போகும். எல்லையைத் தாண்டினால்தான் துணைத் தூதர் பெயருக்கு மாறும். நீங்கள் எல்லைக்கு அப்பால் வாத்து சுட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தந்தியில் என் கணவரின் பெயர் இருந்திருக்க வேண்டும். இல்லை.

டெஸ்மண்ட் அதற்குப் பிறகு இருபது வருடம் அந்த ஊரின் பெயரைச் சொல்லாமலே வாழ்ந்து செத்தார். அதைக் குற்றவாளியின் மௌனம் என்று நீங்கள் எழுதினால் உலகம் நம்பும். அவர் இறந்துவிட்டார், நீங்கள் பிரபலமானவர். நான் கேட்பது ஒன்றுதான்: அன்று எங்கே இருந்தீர்கள் என்று உண்மையை எழுதுங்கள்.

ரோசமண்ட் கெல்லிஹர்


லிட்ச்ஃபீல்ட்
1983 அக்டோபர் 3

அன்புள்ள திருமதி கெல்லிஹர்,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு மனைவியின் விசுவாசத்தை மதிக்காதவன் மனிதனே அல்ல.

ஆனால் தந்தி விஷயம் நீங்கள் நினைப்பதுபோல் அல்ல. அந்த ஊரில் தந்தி அறையில் இருந்தவன் வருடம் முழுக்க என் பெயரையே தட்டிப் பழகியவன். நான் எல்லை தாண்டினேனா இல்லையா என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? பழக்கத்தில் தட்டிவிட்டான். அதே தந்தியின் நகலை வெளியுறவுத் துறையில் எனக்கு எடுத்துக் கொடுத்தார்கள். கீழ் மூலையில், வரைந்தவர் என்ற இடத்தில், டெஸ்மண்டின் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் இருக்கின்றன. அந்த வாக்கியங்களை எழுதியவர் அவர். இதை நான் புத்தகத்தில் போடவில்லை. இதுவும் என் பெருந்தன்மைதான்.

டெஸ்மண்டுக்கு நான் செய்ததை நீங்கள் அறியமாட்டீர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவரை வேலையை விட்டே அனுப்பச் சொன்னார்கள். ஒட்டாவாவில் ஒரு மேசை வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் நான்.

உங்கள் நினைவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவருக்கு விருந்துகள் நினைவிருக்கும், ஒருவருக்கு அரசாங்கங்கள் நினைவிருக்கும். நீங்கள் ஒரு தட்டை இரண்டங்குலம் நகர்த்தி வைக்கும்போது வேலைக்காரர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இன்றும் சிரிப்பு வருகிறது. அது ஒரு கலை, மறுக்கவில்லை. ஆனால் வரலாறு வேறு.

ஒரு சமரசம்: "மந்தமானவர்" என்பதை "நிதானமானவர்" என்று மாற்றிவிடுகிறேன். ஐம்பது வருடத் தொழிலில் நான் கற்றது இதுதான், இரண்டு பக்கமும் ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் எல்லாம் முடியும்.

தார்ன்டன் ஹேவரில்
(தட்டச்சு: மிஸ் ஆல்காட்)


ஜார்ஜ்டவுன்
1983 அக்டோபர் 11

திரு. ஹேவரில் அவர்களுக்கு,

இருபத்தாறு வருடங்களுக்கு முன் இதே தேதி. வேண்டுமென்றேதான் இன்று எழுதுகிறேன்.

ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் எல்லாம் முடியும் என்கிறீர்கள். உங்கள் தொழில் வாழ்க்கை முழுவதையும் நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன். விட்டுக்கொடுத்தது எப்போதும் அடுத்தவர் சொல், சில சமயம் அடுத்தவர் ஊர். மூன்று அதிபர்களுக்கு அறிவுரை சொன்னவர் என்று உங்களைப் புகழ்கிறார்கள். மூவரும் அதைக் கேட்கவில்லை, உங்கள் பெயர் கெடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். நல்லதாக முடிந்த தந்தி எல்லாம் தூதர் அனுப்பியது. கெட்டதாக முடிந்தது எல்லாம் யாரோ வரைந்தது. மூலையில் இருக்கும் இரண்டு எழுத்துகளை இருபத்தாறு வருடம் கழித்துத் தேடிப் போனீர்களே, உங்களுக்குப் புகழ் தேடித் தந்த வியன்னா தந்தியின் மூலையில் யாருடைய எழுத்துகள் இருக்கின்றன என்று தேடினீர்களா?

டெஸ்மண்ட் எழுதியதை நான் மறுக்கவில்லை. அந்த எழுத்துகள் அவருடையவைதான். சொன்னது யார் என்பதுதான் கேள்வி.

என் கணவர் இறந்த பிறகு அவருடைய மேசையின் கடைசி அறையில் பூட்டி வைத்த மூன்று பொருள்களைக் கண்டேன். ஒன்று, 1957ஆம் வருடம் நீங்கள் அவரைப் பற்றி எழுதிய ரகசிய மதிப்பீட்டு அறிக்கையின் நகல். அந்தக் காலத்தில் மனைவியையும் சேர்த்து மதிப்பெண் போடுவீர்கள். என்னைப் பற்றி நீங்கள் எழுதிய வரி இது: "திருமதி கெல்லிஹர், யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்குத் தேவைக்கு மேல் முக்கியத்துவம் தருகிறார். வீட்டில் நிலவும் இந்தக் கண்டிப்பு, கணவரின் முடிவெடுக்கும் திறனையும் பாதித்திருக்கிறது." அதற்குப் பிறகு டெஸ்மண்ட் எந்த ஊரிலும் தூதராகவில்லை. என்னால்தான் என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இருபது வருடம் அந்தத் தாளைப் பூட்டி வைத்திருந்தார்.

சரி. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று இப்போது பார்க்கலாம்.

இரண்டாவது பொருள் என் விருந்துப் புத்தகம். தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன், அவர் ஒளித்து வைத்திருக்கிறார். 1957 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. வெள்ளி என்பதால் இறைச்சி இல்லை. பட்டாணி சூப், வெண்ணெயில் பொரித்த கடல்மீன், பிறகு முட்டைப் பணியாரம். எட்டு மணி. பதினான்கு பேர். உங்கள் மனைவி பல் வைத்தியத்துக்காக நியூயார்க் போயிருந்ததால் விருந்தளிப்பவளின் இடத்தில், மேசையின் இந்தக் கோடியில், நான். எதிர்க் கோடியில், தலைமை நாற்காலியில், நீங்கள். உங்களுக்கு வலப்பக்கம், அந்த நாட்டை ஆண்ட ஜெனரலின் மைத்துனி, டோன்யா எவுலாலியா. அடுத்து வங்கித் தலைவர். இடப்பக்கம் பிஷப்பின் தங்கை. இருக்கைப் படத்தை அப்படியே வரைந்து இணைத்திருக்கிறேன். புத்தகத்தில் இருப்பது என் கையெழுத்தும் அன்றைய மையும்தான், நேற்று எழுதியதல்ல என்று எந்த நிபுணரும் சொல்லிவிடுவார்.

நீங்கள் எல்லைக்கு அப்பால் இருந்திருந்தால் அந்தத் தலைமை நாற்காலி டெஸ்மண்டுக்குப் போயிருக்கும். தந்தியின் விதிதான் மேசைக்கும். தந்தி அறைப் பையன் பழக்கத்தில் தவறு செய்வான். நான் செய்ய மாட்டேன், அது உங்களுக்கே தெரியும், எழுதி வைத்திருக்கிறீர்கள்.

டெஸ்மண்டின் நாற்காலி தோட்டத்துக் கதவுப் பக்கம் மூன்றாவது. சூப் முடியும்வரை அது காலி. தூதரகமும் உங்கள் மாளிகையும் ஒரே மதிலுக்குள் இருந்தன, ஒரே வெளிவாசல். அவர் அங்கேதான் நின்றிருந்தார். மீன் பரிமாறும்போது உள்ளே வந்து உங்கள் காதருகே குனிந்தார். நீங்கள் தலையைத் திருப்பாமல், டோன்யா எவுலாலியாவைப் பார்த்துச் சிரித்தபடி, மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்கள்: "மீன் ஆறிடும் டெஸ்மண்ட், உட்காருப்பா. வாசல்ல நிக்கிறவங்கள சாப்பாட்டுக்கப்புறம் பாத்துக்கலாம்."

ஜெனரலின் குடும்பம் மேசையில் இருக்கும்போது ஜெனரல் தேடுகிற ஆளுக்குக் கதவு திறப்பது எப்படி? அது உங்களுக்கு அசௌகரியம். அதற்குப் பெயர் ராஜதந்திரம் என்று பிறகு கற்றுக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்தபோது வாசலில் யாரும் இல்லை.

212ஆம் பக்கத்தைக் கிழியுங்கள். தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை எழுதுங்கள். இல்லையென்றால் இந்தப் படம் உங்கள் பதிப்பாளருக்குப் போகும்.

ரோசமண்ட் கெல்லிஹர்


லிட்ச்ஃபீல்ட்
1983 அக்டோபர் 19

திருமதி கெல்லிஹர்,

இதை மிஸ் ஆல்காட்டிடம் கொடுக்கவில்லை. என் கையாலேயே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் சரி.

மிரட்டுகிறீர்கள். உப்பு ஜாடி எங்கே வைப்பது என்று வாழ்நாள் முழுக்கக் கவலைப்பட்ட ஒரு பெண் பிள்ளை, தேசங்களுக்கு இடையே சமாதானம் பேசிய என்னை ஒரு சாப்பாட்டுப் படத்தைக் காட்டி மிரட்டுகிறது! நீங்கள் வரைந்த படத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது அம்மா. அதை நான் நிரப்புகிறேன்.

டெஸ்மண்ட் உட்காரவில்லை. "உட்காருப்பா" என்று நான் சொன்னதும் அவன் உட்காரவே இல்லை. என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றான். "ஐயா, அவர் நம்ம ஆளு, நான் போய்க் கதவத் தொறக்கறேன்"னு முணுமுணுத்தான். நான் மறுபடி எதுவும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் அப்படியே திரும்பிப் போயிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். விருந்தாளிகள் முன்னால் எப்படித் தடுப்பது?

அப்போது அந்த எவுலாலியா தலைகளை எண்ணினாள். எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முட்கரண்டியால் சுட்டிச் சுட்டி எண்ணினாள். "பதிமூணு! ஐயோ மாதாவே, பதிமூணு பேரு உக்காந்திருக்கோம்! செனோரா, இது என்ன அபசகுனம், நான் எந்திரிச்சுப் போறேன்"னு நாற்காலியைத் தள்ளினாள். மேசையின் அந்தக் கோடியில் இருந்து நீங்கள் டெஸ்மண்டைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தீர்கள், அவனைப் பார்த்தீர்கள், மோவாயை இப்படி ஒரு அங்குலம் அசைத்தீர்கள். போய் உட்கார்ந்துவிட்டான். நாய்க்குட்டி மாதிரி. நாப்கினை மடியில் விரித்துக்கொண்டு மீனைத் தின்றான். நான் சொல்லி உட்காராதவன் நீங்கள் பார்த்து உட்கார்ந்தான்!

அந்த மொழிபெயர்ப்பாளனைக் கொன்றது என் சொல்லா, உங்கள் பார்வையா? இதையும் பதிப்பாளருக்கு எழுதுங்கள் பார்க்கலாம்.

ஹேவரில்


ஜார்ஜ்டவுன்
1983 நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள்

திரு. ஹேவரில் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் காலைப் பூசைக்குப் போனேன், வந்தேன். உணவு மேசையில் உட்கார முடியாமல் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

நீங்கள் எழுதியது உண்மை.

என் பள்ளியில் மதர் பெர்ப்பெச்சுவா என்றொரு கன்னியாஸ்திரி இருந்தார். "நேரா உக்காரு ரோசமண்ட். தப்பு பண்ணவதான் நாற்காலில நெளிவா" என்று விரலால் முதுகில் குத்துவார். அதனால் நெளியாமல் சொல்கிறேன். ஆம், பார்த்தேன். மோவாயை அசைத்தேன். என் விருந்தில் பதின்மூன்று பேர் என்ற கேவலம் என்னால் தாங்க முடியவில்லை. ஜெனரலின் மைத்துனி எழுந்து போனால் நகரம் முழுக்கச் சிரிக்கும் என்று நினைத்தேன். வாசலில் நிற்பது யார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். டெஸ்மண்டின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஆனால் உங்கள் நினைவிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நானும் நிரப்புகிறேன்.

ஆள் குறைந்து மேசையில் பதின்மூன்று ஆகும்போதெல்லாம் நாம் யாரைக் கூப்பிடுவோம்? எவாரிஸ்டோ பெனால்வாவை. அது நம் வழக்கம். அதற்காகவே அலுவலக அலமாரியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கவிட்டிருந்தார். கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் முகம் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, எந்த நாற்காலி என்று என் முகத்தைப் பார்ப்பார். ஒருவரோடும் பேச மாட்டார், பேசினால் எல்லோருடைய மொழியிலும் பேசுவார். என் புத்தகத்தில் பதினான்காவது இடத்தில் அவர் பெயர் ஒன்பது முறை இருக்கிறது. எண்ணிக்கைக்கு ஆள் குறையும்போது நமக்கு வேண்டியவர்.

அன்றும் மேசையில் ஓர் ஆள் குறைந்தது. அந்த ஆள் வாசலில் நின்றார். அவரை உள்ளே கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் எவுலாலியாவும் திருப்தியாகியிருப்பாள், உங்கள் மீனும் ஆறியிருக்காது. அமெரிக்கத் தூதரின் மேசையில், ஜெனரலின் மைத்துனிக்கு எதிரில் மீன் சாப்பிடுகிறவரை எந்தச் சிப்பாயும் வந்து இழுத்துப் போயிருக்க மாட்டான். புதிதாக ஒரு துணிச்சலும் தேவைப்படவில்லை. எப்போதும் செய்வதைச் செய்திருந்தால் போதும். யார் எங்கே உட்கார வேண்டும் என்பது தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான். எனக்கு அது தோன்றவில்லை. மறுநாள் காலை, செய்தி வந்தபோது, முதலில் தோன்றியது அதுதான். என்னைப் பற்றிய உங்கள் அறிக்கை தவறு. நான் இருக்கைகளுக்குத் தேவைக்கு மேல் முக்கியத்துவம் தரவில்லை. தேவையான அளவு தரவில்லை.

டெஸ்மண்ட் என் புத்தகத்தை ஏன் ஒளித்தார் என்பது இப்போது விளங்குகிறது. அதில், அன்று காலியாக இருந்த அந்த நாற்காலியை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உங்களோடு மல்லுக்கட்டினேன். காப்பாற்றப்பட்டவள் நான். அவர் மந்தமானவர் அல்ல. தவறான இரண்டு பேருக்குப் பணிந்தவர். அதை எழுதினால் ஆட்சேபணை இல்லை. இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய கட்டம். ஒரு மாதத்துக்கு முன்புவரை, உங்கள் கதைப்படி, ஏரிக்கரையில் வாத்து சுட்டுக்கொண்டிருந்த நீங்கள், அக்டோபர் 19 தேதியிட்டு, உங்கள் சொந்தக் கையெழுத்தில், எவுலாலியாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதித் தந்திருக்கிறீர்கள். முட்கரண்டி உட்பட. ஐம்பது வருடம் எதையும் எழுத்தில் தராமல் பெரிய மனிதரானவர், ஒரு கிழவியைக் குத்துவதற்காக எழுத்தில் தந்துவிட்டீர்கள். என் படத்தைப் பொய் என்று சொல்லலாம். இதைச் சொல்ல முடியாது. உங்கள் பெயரில் போனவற்றில் நீங்களே வரைந்த முதல் தாள் இதுவாகத்தான் இருக்கும்.

டெஸ்மண்டின் மேசை அறையில் இருந்த மூன்றாவது பொருளைப் பற்றிச் சொல்லவில்லை. அது 1971இல் பால்ட்டிமோரில் இருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவள் பிலார் பெனால்வா, எவாரிஸ்டோவின் மகள். அப்பா செத்தபோது எட்டு வயது. இங்கே வந்து பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். "அன்று பொறுப்பில் இருந்தது யார் என்று வெளியுறவுத் துறையிடம் கேட்டால் அச்சடித்த பதிலே வருகிறது. நீங்கள் அங்கே இருந்ததாகத் தெரிந்தது. யார் என்று மட்டும் சொன்னால் போதும்." டெஸ்மண்ட் பதில் எழுதவில்லை. உங்களைக் காட்டினால் என்னையும் காட்ட வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு வருடம் தாமதமாக நான் எழுதினேன். இருக்கைப் படத்தின் நகல், உங்கள் கடிதத்தின் நகல், நான் செய்ததை நானே எழுதிய இரண்டு பக்கம். மூன்றும் நேற்று பால்ட்டிமோருக்குப் போயின. உங்கள் பதிப்பாளருக்கும் ஒரு கட்டு போயிருக்கிறது. என் பக்கங்களை எடுத்துவிடவில்லை. உங்களுக்கு அந்த ஆறுதல் இருக்கட்டும்.

ரோசமண்ட் கெல்லிஹர்


லிட்ச்ஃபீல்ட்
1984 ஜனவரி 9

திருமதி கெல்லிஹர் அவர்களுக்கு,

பதிப்பாளரின் வழக்கறிஞர்கள் அளித்த ஆலோசனையின் பேரில் ஏழாவது அத்தியாயம் முழுவதும் நூலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவிக்குமாறு திரு. ஹேவரில் பணித்துள்ளார். நூல், அவருடைய ஐரோப்பியப் பணிக்காலத்தோடு தொடர்கிறது. இவ்விஷயத்தில் மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து தேவையில்லை என்று அவர் கருதுகிறார்.

ஹேவரில்
(தட்டச்சு: மிஸ் ஆல்காட்)


ஜார்ஜ்டவுன்
1984 ஜனவரி 23

திரு. ஹேவரில் அவர்களுக்கு,

ஆக, நீங்கள் சாந்தா ரூபினாவுக்குப் போகவே இல்லை. இரண்டு வருடம் உங்கள் வாழ்க்கையில் இருந்து காணாமல் போய்விட்டது. வாத்துகளும் பிழைத்தன. உண்மையை எழுதுவதைவிட ஒரு நாட்டையே அழிப்பது உங்களுக்கு எளிதாக இருக்கிறது. இதில் எனக்கு வியப்பில்லை. உங்கள் தொழிலே அதுதான்.

கடிதப் போக்குவரத்து தேவையில்லை என்கிறீர்கள். இதுதான் கடைசி. நேற்று நடந்ததை உங்களுக்குச் சொல்லாவிட்டால் பாதி மேசையை விட்டுவிட்டதாகிவிடும்.

பிலார் நேற்று மதியம் சாப்பிட வந்தாள். ரயிலில் வந்து, நிலையத்தில் இருந்து பனியில் நடந்தே வந்தாள். வண்டி அனுப்புகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். நல்ல மேசைவிரிப்பை விரித்திருந்தேன், என் கல்யாணத்துக்கு மதர் பெர்ப்பெச்சுவா தந்த லினன். இரண்டே பேர், ஆறு நாற்காலி.

"எங்க உக்காரட்டும்?" என்றாள், கோட்டைக் கழற்றாமல்.

அவள் அப்பாவைப் போலவே என் முகத்தைப் பார்த்தாள். எழுபத்தாறு வயதில் முதல் முறையாக அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவளே ஒரு நாற்காலியை இழுத்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

சூப்பைத் தொடவில்லை. பையில் இருந்து நான் அனுப்பிய படத்தை எடுத்து விரித்தாள். பதினான்கு நாற்காலிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது அந்தப் பெரிய மனுஷன். இது நீங்க. இந்தக் காலி நாற்காலி உங்க வீட்டுக்காரரோடது."

"ஆமாம்."

"எங்கப்பா நின்ன இடம் இதுல எங்க இருக்கு?"

நான் பார்த்தேன். என் படத்தில் அது இல்லை. உப்பு ஜாடி இருந்தது, மெழுகுவர்த்தி இருந்தது, தோட்டத்துக் கதவுகூட ஒரு கோடாக இருந்தது. மேசையோடு தாள் முடிந்துவிட்டது.

"வெளிவாசல் எவ்வளவு தூரம்?"

"முப்பது அடி இருக்கும். அதிகம் போனால் முப்பத்தைந்து."

"உள்ள பேசினது அவருக்குக் கேட்டிருக்குமா?"

தோட்டத்துக் கதவை அன்று திறந்து வைக்கச் சொன்னவள் நான். மீன் வாசனை அறையில் தங்கிவிடும் என்று. சொன்னேன். "கேட்டிருக்கும்."

அவள் அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பையில் இருந்து ஒரு பென்சில் எடுத்தாள், பிள்ளைகளின் கணக்குத் திருத்தும் சிவப்புப் பென்சில். படத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அப்ப வரைங்க."

தாளில் இடம் இல்லை என்றேன்.

"தெரியுது. வரைங்க."

தாளின் ஓரத்தைத் தாண்டி, விரிப்பின் மேலேயே கோடு இழுத்தேன். மதிலை வரைந்தேன். வாசலை வரைந்தேன். அதற்கு வெளியே ஒரு சிறு வட்டம் போட்டேன், நாற்காலிகளுக்குப் போடுவது போலவே, உள்ளே பெயர் எழுதினேன். அவள் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து, பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்து, ஆறிப்போன சூப்பைக் கடைசிவரை குடித்தாள்.

உங்கள் புத்தகம் வந்தால் எனக்கு அனுப்ப வேண்டாம். விரிப்பை நான் இன்னும் சலவைக்குப் போடவில்லை.

ரோசமண்ட் கெல்லிஹர்